வானில் எழுந்த விடுதித் தலைவர்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மவுண்ட் சாலையில் புகழுடன் விளங்கிய விடுதிகளுள் டி ஏஞ்சலிஸ் விடுதியும் ஒன்று. அதன் தலைவர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர். ஐரோப்பாவினின்று சென்னைக்கு வந்து, இனிப்புப் பண்டங்கள் செய்யும் தொழிலால் முன்னேறியவர். மின்விசிறியும் மின்தூக்கியும் அரியனவாயிருந்த அந்நாளிலேயே அவற்றைத் தம் விடுதியில் அமைத்தார். புதுமை எதுவாயினும் அதனைக் கைக்கொள்ளும் வேட்கை அவருக்கு இருந்தது.

1909ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள் பிளேரியோ என்னும் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயை வானூர்தியிற் கடந்தார். அச்செய்தி டி ஏஞ்சலிஸின் உள்ளத்தில் ஊக்கத்தை எழுப்பியது. ஈரடுக்குச் சிறகுடைய ஊர்தியொன்றை அவர் தாமே வகுத்தார். வண்டிகள் கட்டுவதிற் பெயர்பெற்ற சிம்சன் நிறுவனத்தார் அதனைச் செய்து கொடுத்தனர். அதிற் பொருத்திய பொறியோ ஆற்றல் குறைந்தது. அதனைக்கொண்டு பல்லாவரத்திற் பறந்து பார்த்தார்.

அம்முயற்சியின் இடர் எளிதன்று. வானூர்தியின் வேகத்திற்கு இரண்டு எல்லைகள் உண்டு. வேகம் மிகக் குறைந்தால், சிறகைத் தாங்கும் விசை குன்றி ஊர்தி வீழும். அளவு கடந்து மிகுந்தால், காற்றின் தாக்குதலால் சிறகு முறியும். வெயிலிற் காய்ந்த காற்று செறிவு குறைந்ததாதலின், அதில் எழுவதற்கு மிகுதியான வேகம் வேண்டும். உயரச் சென்றாலும் அவ்வாறே. 10,000 அடி உயரத்தில் காற்றின் செறிவு கடல்மட்டத்திலுள்ளதில் ஏறத்தாழ முக்காற்பங்கே. ஆண்டு வீழாதிருக்க, கடல்மட்டத்தில் வேண்டும் வேகத்தினும் நூற்றுக்குப் பதினாறு பங்கு மிகுதியாகச் செல்லல் வேண்டும். வேகமானி எதிர்க்காற்றின் அழுத்தத்தை அளப்பது. ஆதலின் அதன் முள் மட்டும் கீழெல்லையைப் பெரும்பாலும் அதே எண்ணிற் காட்டும். முள்ளை நோக்காது, கீழே ஓடும் மரங்களைக் கண்டு வேகத்தை மதிப்பவன் ஏமாறுவான். பல்லாவரத்திற்குத் தெற்கே தாம்பரத்தில், 1954ஆம் ஆண்டு முதல் விமானப்படையின் பறத்தற் பயிற்றாசிரியர் பள்ளி நடைபெறுகின்றது. பறத்தலைக் கற்பிப்போர் எவரும் இவ்வேறுபாட்டை விடுதலாகாது. 1910ஆம் ஆண்டின் வானோடிகளுக்கோ, பெரும்பாலும் முகத்தில் மோதும் காற்றும் இழுகம்பிகளின் ஒலியுமே அளவுகோல்.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் டி ஏஞ்சலிஸ் சென்னைத் தீவுத்திடலில், கட்டணம் செலுத்தி வந்த மக்கள் காணப் பறந்தார். அதனோடு அமையாது, கூட்டத்தினின்று முன்வந்த ஒருவரையும் ஏற்றிக்கொண்டு எழுந்தார். சுமை ஏறினால் கீழெல்லையும் ஏறும். சிறுபொறியோ அவ்வேகத்தை எளிதில் தாராது. தம் உயிரோடு பிறர் உயிரையும் அவ்விடைவெளியில் வைத்தார் எனல் மிகையன்று. துணிவு என்று இதனைப் புகழ்வோரும் உளர். சற்றே மிகுந்த துணிவு என்பதே பொருந்தும்.

மறு ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18ஆம் நாள் அலகாபாத்தில் பெக்கே என்பார் வானூர்தியிற் கடிதங்கள் கொண்டு சென்றார். அதனை அறிந்தோர் பலர். பல்லாவரத்தை அறிந்தோர் சிலரே. டி ஏஞ்சலிஸின் விடுதி பின்னர்ப் பொசோட்டோ என்பவர் கைக்கு மாறியது.