கிராணி மகன் தலைமைச் சாரணரான கதை

தோட்டத்துப் பிள்ளை படிச்சு என்ன ஆகப்போகுதுன்னு சலித்துக்கொள்ளும் பெற்றோரை நாம் வெகுநாளாகப் பார்த்து வருகிறோம். அவர்களுக்காகவே இன்று சி. வி. தேவன் நாயரை நினைவுகூர்கிறோம்.

1923 ஆகஸ்டு 5-ல் மலாக்காவில் பிறந்தவர். தகப்பனார் ரப்பர் தோட்டத்தில் கிராணி. ரப்பர் விலை விழுந்ததும், பத்து வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு குடும்பம் சிங்கப்பூருக்குப் பிழைக்க வந்தது. சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்திலுள்ள ரங்கூன் ரோடு பள்ளியிலும், பிறகு விக்டோரியா பள்ளியிலும் படித்து வாத்தியாரானார்.

வகுப்போடு நின்றுவிடவில்லை. ஆசிரியர் சங்கத்தின் செயலாளரானார். காலனி அரசு 1951-லும் 1956-லும் அவரைப் பிடித்து அடைத்தது; 1959 ஜூனில்தான் விடுதலை. வெளியே வந்தவர் வயது வந்தோர் கல்வி வாரியத்துக்குத் தலைமை ஏற்றார். பகலில் பாடுபட்டவன் ராத்திரியில் எழுத்துப் படிக்க வேண்டுமென்பது அந்த வாரியத்தின் வேலை.

1961-ல் பிறந்த தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசை வளர்த்ததில் அவர் பங்கு பெரிது. சங்கமென்றால் சம்பளச் சண்டை மட்டுந்தானா? இல்லையென்று செய்து காட்டினார். 1970-ல் காப்புறுதிக் கூட்டுறவு, 1973-ல் மளிகைக் கூட்டுறவு, 1977-ல் வேலைக்குப் போகும் தாய்மாருக்காகக் குழந்தைக் காப்பகங்கள் என்று சங்கத்தின் கை நீண்டது.

1981 அக்டோபரில் நாட்டின் அதிபரானார். சிங்கப்பூரில் அதிபரே தலைமைச் சாரணர். 1910-ல் அங்கே தொடங்கிய சாரணர் இயக்கத்துக்கு இப்படியாக ஒரு தொழிற்சங்கவாதி, அதுவும் தோட்டத்துக் கிராணியின் மகன், தலைமைச் சாரணர் ஆனார்.

பட்டம் அவருக்கு, பாடு யாருக்கு? வாரம் முழுக்க உழைத்துவிட்டு, ஓய்வு நாளிலும் பிள்ளைகளுக்கு முடிச்சுப் போடவும் கூடாரம் அடிக்கவும், அடிபட்டவனுக்கு முதலுதவி செய்யவும் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார்களுக்கும் தொண்டர்களுக்கும்தான். இதற்குக் கூலி கிடையாது, ஓவர்டைமும் கிடையாது. அவர்களில் சங்க உறுப்பினராக இருக்கும் ஒவ்வொருவருக்கும் நாம் தலைவணங்குகிறோம். சந்தா கட்டுவதோடு கடமை முடிந்ததென்று அவர்கள் நினைக்கவில்லை.

தேவன் நாயர் 1985 மார்ச்சில் பதவி விலகினார். அதற்கு அரசு சொன்ன காரணத்தை அவர் பிற்பாடு ஏற்கவில்லை. அந்த மனக்கசப்பு கடைசிவரை தீரவில்லை. 2005 டிசம்பர் 6-ல் கனடாவில் காலமானார்.

பதவி வரும், போகும். பத்துப் பிள்ளைகளை நிமிர்ந்து நிற்கப் பழக்கியவன் செய்த வேலை மட்டும் நிற்கும். நம் தோட்டங்களிலும் பெரட்டுக்களம் சாயங்காலத்தில் காலியாகத்தானே கிடக்கிறது? சங்கத்துத் தம்பிமார் நாலு பேர் முன்வந்தால் போதும்.