லூயிஸ் புனுவல்

லூயிஸ் புனுவல் (பெப்ரவரி 22, 1900 – ஜூலை 29, 1983) ஸ்பெயினில் பிறந்து மெக்சிக்கோ குடியுரிமை பெற்ற திரைப்பட இயக்குனர் ஆவார். திரைப்படத்தில் சர்ரியலிசப் பாணியின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

இளமை

அரகோன் பகுதியிலுள்ள கலண்டா என்னும் ஊரில் பிறந்தார். சரகோசாவில் இயேசு சபையினரின் பள்ளியில் கல்வி கற்றார். பின்னர் மத்ரித்தில் பயின்றபோது கவிஞர் லோர்க்கா, ஓவியர் சால்வதோர் தாலி ஆகியோர் இவருக்கு நண்பர்களாயினர். 1925 இல் பாரிஸ் சென்றார். தாலியுடன் இணைந்து எழுதிய அந்தலூசிய நாய் (1929) என்னும் குறும்படம் இவருக்குப் புகழ் தேடித் தந்தது. அடுத்து வந்த பொற்காலம் (1930) பாரிசில் தடை செய்யப்பட்டது. ரொட்டியில்லா நிலம் (1933) என்னும் ஆவணப்படம் ஸ்பெயினில் தடைக்குள்ளானது.

ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது குடியரசு அரசுக்காகப் பணியாற்றிய இவர், 1938 இல் அமெரிக்கா சென்றார். நியூயோர்க் நவீன ஓவியக் கலை அருங்காட்சியகத்தில் பணிபுரிந்தார். தாலி தனது தன்வரலாற்றில் இவரை நாத்திகராகச் சித்தரித்ததையடுத்து எழுந்த எதிர்ப்பினால் 1943 இல் அப்பணியை விட்டு விலக நேர்ந்தது.

கிரான் கசினோ

1946 இல் தயாரிப்பாளர் ஒஸ்கார் தான்சிகர்ஸ் அளித்த வாய்ப்பினால் மெக்சிக்கோவில் குடியேறினார். அங்கு இவர் இயக்கிய முதற்படம் கிரான் கசினோ (1947) ஆகும். தம்பிக்கோ நகர எண்ணெய் வயல்களைக் களமாகக் கொண்ட இப்படத்தில் மெக்சிக்கோவின் புகழ்பெற்ற பாடகர் ஹோர்கே நெக்ரெத்தேயும், அர்ஜென்டீனப் பாடகி லிபர்தாத் லமார்க்கேயும் நடித்தனர். இருவரும் பெரும் நட்சத்திரங்களாக இருந்தமையால் கதையைவிடப் பாடல்களே மேலோங்கின. காதல் காட்சி ஒன்றில், காதலர்களைவிட எண்ணெய் கலந்த சேற்றைக் குச்சியால் கிளறுவதே முதன்மையாகக் காட்டப்படுகிறது. புனுவலின் தனித்தன்மை வெளிப்படும் சில இடங்களுள் இதுவும் ஒன்று.

படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. இதனால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இவருக்கு இயக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. அக்காலத்தில் தாயார் அனுப்பிய பணத்தைக் கொண்டே குடும்பம் வாழ்ந்தது.

மீண்டெழல்

1949 இல் வெளியான எல் கிரான் கலவேரா என்னும் நகைச்சுவைப் படத்தின் வெற்றி நிலைமையை மாற்றியது. அதனையடுத்து, மெக்சிக்கோ நகரின் வறிய சிறுவர்களைப் பற்றிய மறக்கப்பட்டவர்கள் (1950) படத்தைத் தான்சிகர்ஸ் தயாரித்தார். உள்நாட்டில் கடும் எதிர்ப்பைச் சந்தித்த இப்படம், 1951 கான் திரைப்பட விழாவில் புனுவலுக்குச் சிறந்த இயக்குனர் விருதைப் பெற்றுத் தந்தது. ஒரு தோல்விப் படத்தோடு முடிந்திருக்கக்கூடிய இவரது திரைவாழ்வு, அதன்பின் கால் நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்தது.

பிற்காலம்

விரிதியானா (1961) கான் விழாவின் தங்கப் பனை விருதைப் பகிர்ந்துகொண்டது. பெல் து சூர் (1967) வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் விருது பெற்றது. 1972 இல் வெளியான பூர்சுவாக்களின் மறைவான வசீகரம் சிறந்த பிறமொழிப் படத்திற்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. 1977 இல் தனது இறுதிப் படத்தை இயக்கிய புனுவல், 1983 இல் மெக்சிக்கோ நகரில் காலமானார்.