33 வயதில் சிறுவர் நடுவே ஒரு மாணவர்



ஆண்டுதோறும் ஜூலை மாதம் 31ஆம் திகதி திருச்சபை புனித லொயோலா இஞ்ஞாசியாரின் திருநாளைச் சிறப்பிக்கின்றது. அவரைப் பற்றி மறையுரைகளில் நீங்கள் கேட்டிருக்கக்கூடியவை பெரும்பாலும் இரண்டு காட்சிகளே. ஒன்று, பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து வீழ்ந்த போர்வீரர். மற்றது, உரோமையில் இயேசு சபையின் தலைவராக விளங்கிய துறவி. இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழிந்தன. அவற்றுள் 11 ஆண்டுகளை அவர் மாணவராகவே செலவிட்டார். புனிதர்களின் சரித்திரத்தை எழுதுவோர் இந்த 11 ஆண்டுகளை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது வழக்கம். பீரங்கியின் அருகே தங்கும் பேனா இலக்கணப் புத்தகத்தின் அருகே தங்குவதில்லை. ஆயினும் பகலில் வேலைக்கும் மாலையில் வகுப்புக்கும் செல்கின்ற ஒருவரோ, போரினாலும் இடப்பெயர்வினாலும் கைவிட்ட படிப்பை நடுவயதில் மீண்டும் தொடங்கிய ஒருவரோ உங்கள் இல்லத்தில் இருப்பாரானால், இஞ்ஞாசியாரின் வாழ்வில் அவருக்கு மிக நெருக்கமான பகுதி இதுவே.

ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பிரதேசத்தில், லொயோலா மாளிகையில், 1491ஆம் ஆண்டில் பிறந்தவர் இஞ்ஞாசியார். பதின்மூன்று பிள்ளைகளுள் கடைக்குட்டி. இளம் வயதிலேயே அரச பொருளாளரின் இல்லத்தில் வளர விடப்பட்டார். அங்கே அவர் கற்றவை வாள் வீச்சும் நடனமும் அரண்மனை நடத்தையுமே. ஸ்பானிய மொழியில் வாசிக்கவும் அழகாக எழுதவும் தெரியும். தம் கையெழுத்தைப் பற்றி அவருக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அக்காலத்தில் கல்வி என்றால் இலத்தீன். அது அவருக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் அந்த வாழ்க்கையில் இருக்கவில்லை.

1521 மே மாதம் 20ஆம் திகதி பட்ட காயமும், நோய்ப்படுக்கையில் கிறிஸ்துவின் வாழ்க்கையையும் புனிதர் வரலாறுகளையும் வாசித்து மனம் மாறியதும், மொன்சராத் திருத்தலத்தில் தேவமாதாவின் பீடத்தின் முன் வாளைக் கழற்றி வைத்ததும், மன்ரேசாவில் கடுந்தவம் செய்ததும் நீங்கள் அறிந்தவையே. 1523இல் அவர் எருசலேம் சென்றார். அங்கேயே தங்கி ஆன்மாக்களுக்கு உதவ வேண்டும் என்பது அவர் எண்ணம். புனித தலங்களுக்குப் பொறுப்பாயிருந்த பிரான்சிஸ்கன் சபைத் தலைவர் அதற்கு இணங்கவில்லை. திரும்பிப் போகும்படி கட்டளையிட்டார். இஞ்ஞாசியார் கீழ்ப்படிந்தார்.

ஆக, 1524இன் தொடக்கத்தில் அவருடைய நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். வயது 33. பழைய தொழில் முடிந்துவிட்டது. புதிதாகத் தெரிந்துகொண்ட பணிக்கோ இடமில்லை. காலில் இலேசான நொண்டல். கையில் காசில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அடுத்து என்ன செய்வது என்று ஆராய்ந்தவர், பிறருக்கு உதவ வேண்டுமாயின் தாம் முதலில் கற்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அந்த முடிவில் வானதூதர் எவரும் தோன்றவில்லை. வயது வந்த மனிதர் ஒருவர் தம்முடைய குறையைக் கணக்கிட்டுப் பார்த்து எடுத்த தீர்மானம் அது.

பார்சலோனா நகரில் ஜெரோனிமோ ஆர்தெவோல் என்னும் இலக்கண ஆசிரியர் அவருக்குக் கட்டணமின்றிக் கற்பிக்க முன்வந்தார். இசபெல் ரொசெர் என்னும் செல்வந்தப் பெண்மணி செலவுக்கு உதவினார். இனேஸ் பஸ்குவால் என்னும் மற்றொரு பெண்மணி தம் வீட்டில் தங்க இடம் அளித்தார். இப்படிப் பிறர் தயவில், மகன் வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து, வினைச்சொற்களை உருப்போடத் தொடங்கினார் முன்னாள் படைவீரர்.

படிப்பு ஏறவில்லை. அதற்கான காரணம் வியப்பானது. இலக்கணத்தை மனனம் செய்ய அமரும் வேளையில் எல்லாம் ஆன்மிகச் சிந்தனைகள் வெள்ளமாய்ப் பெருகின, உள்ளம் இனித்தது, பாடம் நின்றுவிட்டது. வேறொருவராயின் இதனை இறைவனின் அருளென்று கருதிப் புத்தகத்தை மூடியிருப்பார். இஞ்ஞாசியார் அப்படிச் செய்யவில்லை. திருப்பலியிலும் செபத்திலும் வராத இந்த இனிமை, வினைச்சொற்களைப் படிக்கும்போது மட்டும் ஏன் வரவேண்டும் என்று தம்மைத் தாமே வினவினார். இது சோதனை என்று கண்டுகொண்டார். உடனே ஆசிரியரை சாந்த மரியா தெல் மார் ஆலயத்துக்கு வரும்படி வேண்டி, நடந்தவற்றை ஒளிக்காமல் சொன்னார். பார்சலோனாவில் அப்பமும் தண்ணீரும் கிடைக்கும் வரையில் இரண்டு ஆண்டுகளும் பாடத்தைக் கவனத்தோடு கேட்பதாக அவருக்கு வாக்களித்தார். தாம் கவனம் சிதறினால் மிகச் சிறிய மாணவனை அடிப்பதுபோலத் தம்மையும் அடிக்கும்படி கேட்டுக்கொண்டார் என்று அவருடைய சரித்திரத்தை எழுதிய ரிபதெனெய்ரா சுவாமி குறிப்பிடுகிறார். அதன்பின் அந்தச் சோதனை அவரை அண்டவில்லை.

படிக்க அமர்ந்ததும் வேறொரு நல்ல வேலை நினைவுக்கு வருவது நடுவயது மாணவர் எவருக்கும் புதிதன்று. வீட்டுக் கடமை, கோவில் கடமை, உறவினருக்குச் செய்ய வேண்டிய உதவி, எல்லாம் நல்லவையே. தீயவற்றை விலக்குவது ஒப்பளவில் எளிது. நல்லதொன்று தவறான நேரத்தில் வந்து கதவைத் தட்டும்போது அதனை அடையாளம் காண்பதற்கு இஞ்ஞாசியாருக்கே ஆலயத்தில் ஆசிரியரைச் சாட்சியாக வைத்துச் செய்த ஒரு வாக்குறுதி தேவைப்பட்டது.

இரண்டு ஆண்டுகள் முடிந்ததும் 1526இல் அல்கலாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே அவர் பெரிதும் தோற்றார் என்றே கூறவேண்டும். தருக்கம், இயற்கைத் தத்துவம், இறையியல் ஆகிய மூன்றையும் ஒரே காலத்தில் படிக்க முற்பட்டார். அத்தோடு பிச்சையெடுத்தார், ஏழைகளுக்கு உதவினார், மக்களைக் கூட்டி ஞானோபதேசம் கற்பித்தார், ஆன்மிகப் பயிற்சிகள் அளித்தார். படிக்காத ஒருவர் மறைபொருள் பேசுவதைக் கண்டு சந்தேகம் எழுந்தது. திருச்சபை அதிகாரிகள் விசாரித்தனர். 42 நாட்கள் சிறையிலிருந்தார். அவருடைய போதனையில் குற்றம் காணப்படவில்லை; ஆனால் மேலும் நான்கு ஆண்டுகள் கற்கும் வரையில் விசுவாச விடயங்களைப் பற்றிப் பேசக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. சலமங்கா நகருக்குப் போனார். அங்கும் விசாரணை, தோழர் ஒருவரோடு ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டு, 22 நாட்கள் சிறை, ஏறக்குறைய அதே தீர்ப்பு.

நீதி கிடைக்கவில்லை என்று அவர் முறையிட்டிருக்கலாம். மாறாக, வேறொன்றைச் செய்தார். சில புத்தகங்களைக் கழுதையின் மேல் ஏற்றிக்கொண்டு, குளிர்காலத்தில், தனியாகப் பாரிஸ் நோக்கி நடந்தார். 1528 பெப்ரவரி 2ஆம் திகதி அங்கு சேர்ந்தார். சேர்ந்ததும் அவர் எடுத்த முடிவே இவ்வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்தது. ஏற்கெனவே நான்கு ஆண்டுகள் படித்தாயிற்று. மேல்வகுப்பில் நுழைய முயன்றிருக்கலாம். ஆனால் அவசரத்தில் படித்ததனால் அடித்தளம் உறுதியற்றது என்பதை அவர் உணர்ந்திருந்தார். எனவே மொந்தேகு கல்லூரியில், மீண்டும் சிறுவர்களோடு, இலத்தீனை முதலிலிருந்து தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 36ஐத் தாண்டியிருந்தது.

பணத்தின் கதை வேறு. பார்சலோனாவிலிருந்து கிடைத்த 25 பொற்காசுகளைத் தம்மோடு தங்கியிருந்த ஒருவரிடம் பாதுகாப்புக்காகக் கொடுத்து வைத்தார். அந்த மனிதர் அவற்றைச் செலவழித்துவிட்டார். தங்குமிடத்துக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் இஞ்ஞாசியார் யாத்திரிகருக்கான புனித யாக்கோபு விடுதியில் ஒதுங்கினார். அது கல்லூரிக்கு வெகு தொலைவு. விடிந்த பின்னரே வெளியேறலாம். மாலைச் செபமணி ஒலிக்குமுன் திரும்பிவிட வேண்டும். கல்லூரி வகுப்புகளோ விடியுமுன்பே தொடங்கிவிடும். பகலில் பிச்சையெடுக்கவும் வேண்டும். வகுப்புகள் தவறின, படிப்புப் பின்தங்கியது.

வேலை செய்துகொண்டே படிக்கலாம் என்று நினைத்தார். ஆசிரியர் ஒருவருக்குப் பணியாளராக இருந்து படிக்கும் ஏழை மாணவர் அந்நாளில் பலர் இருந்தனர். ஆசிரியரைக் கிறிஸ்துவாகவும் உடன் மாணவர்களை அப்போஸ்தலர்களாகவும் பாவித்துப் பணிசெய்வதாக மனதில் திட்டமும் வகுத்துக்கொண்டார். பலரிடம் சொல்லி வைத்தார். ஆனால் நாற்பதை நெருங்கும், நொண்டி நடக்கும் ஒருவரை வேலைக்கு எடுக்க எவரும் முன்வரவில்லை. கடைசியில் துறவி ஒருவர் நல்ல ஆலோசனை கூறினார்: ஆண்டுக்கு ஒருமுறை பிளாண்டர்ஸ் நாட்டுக்குச் சென்று, அங்குள்ள ஸ்பானிய வணிகரிடம் ஆண்டு முழுவதற்கும் வேண்டியதைப் பெற்றுவந்தால், மீதி மாதங்களில் அமைதியாகப் படிக்கலாம். இஞ்ஞாசியார் அப்படியே செய்தார். ஓர் ஆண்டில் இலண்டன் வரை சென்று அதிகம் பெற்றுவந்தார். அல்கலாவில் நாள்தோறும் சிதறிய நேரம் பாரிஸில் ஒழுங்குக்கு வந்தது. தமக்கென்று பெற்றதில் வேறு ஏழை மாணவர்களுக்கும் பங்கு கொடுத்தார்.

காசை அழித்தவரின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். அவர் ஊர் திரும்பும் வழியில் ருவான் நகரில் நோயுற்றுக் கிடப்பதாகச் செய்தி வந்தது. இஞ்ஞாசியார் மூன்று நாட்கள் வெறுங்காலோடு, உண்ணாமல் நடந்துபோய் அவரைத் தேற்றிக் கப்பலேற்றி அனுப்பினார்.

1529இல் சாந்த் பார்ப் கல்லூரியில் தத்துவம் படிக்கச் சேர்ந்தபோது, ஏற்கெனவே இருவர் தங்கியிருந்த அறையில் அவருக்கும் இடம் கிடைத்தது. ஒருவர் பீற்றர் பேபர். மற்றவர் பிரான்சிஸ் சவேரியார். இருவரும் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்கள்; படிப்பில் அவருக்கு மூத்தவர்கள். அரிஸ்டோட்டிலின் பாடங்களை இஞ்ஞாசியாருக்கு மீண்டும் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு பேபருக்கு வந்தது. இளைஞர் மேசையில் அமர்ந்து தத்துவம் கற்பித்தார். முதியவர் அதே மேசையில் இளைஞரின் மனக்குழப்பங்களைத் தீர்த்து வைத்தார். சவேரியார் எளிதில் இணங்கவில்லை. அவர் இணங்கியபின் நடந்ததை நாம் நன்கறிவோம். 1544இல் மன்னார் மக்களின் அழைப்பை ஏற்றுக் குரு ஒருவரை அங்கே அனுப்பியவர் அவரே. நம் மன்னார் மறைசாட்சிகளின் வரலாறு, ஒருவகையில் பார்த்தால், பாரிஸில் மூன்று மாணவர் பகிர்ந்துகொண்ட ஓர் அறையோடு தொடர்புடையது. முன்னாள் படைவீரர் படிக்க வராதிருந்தால் அந்த அறையில் அவர் தங்கியிருக்க மாட்டார்.

1533இல் தேர்வில் சித்தியடைந்தார். முதுகலைப் பட்டச் சான்றிதழ் 1535இல் கிடைத்தது. அவருக்கு வயது 43 அல்லது 44. இதற்கிடையில் 1534 ஓகஸ்ட் 15ஆம் திகதி மொன்மார்த்தர் குன்றில் எழுவர் வார்த்தைப்பாடு கொடுத்தனர். 1537 ஜூன் 24ஆம் திகதி வெனிஸ் நகரில் குருத்துவ அருட்பொழிவு பெற்றார். 1540 செப்டெம்பர் 27ஆம் திகதி பாப்பரசர் மூன்றாம் பவுல் இயேசு சபையை அங்கீகரித்தார். சபையின் சட்டங்களை எழுதியபோது, படிக்கும் இளந்துறவியர் நீண்ட செபங்களிலும் தவங்களிலும் நேரத்தைச் செலவிடாதபடி அவர் அளவு வகுத்தார். தூய நோக்கோடு செய்யும் படிப்பு தன்னளவிலேயே இறைபணி என்பது அவர் கருத்து. பார்சலோனா இலக்கண வகுப்பு அவருக்கு மறக்கவில்லை.

சபைத் தலைவராகத் தெரிவு செய்யப்பட்ட 1541ஆம் ஆண்டில், 50 வயதில், உரோமையில் சிறுவர்களுக்கு ஞானோபதேசம் கற்பிக்கத் தொடங்கினார். அவருடைய இத்தாலிய மொழியில் ஸ்பானியம் கலந்து கிடந்தது. அப்போது இளைஞனாகச் சபையில் சேர்ந்திருந்த ரிபதெனெய்ரா, பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று தயங்காமல் அவரிடம் சொன்னான். தலைவர் கோபிக்கவில்லை. தாம் பேசும்போது நேரும் பிழைகளைக் குறித்து வைத்துத் தமக்குத் திருத்தம் சொல்லும்படி அவனையே கேட்டுக்கொண்டார். மறுநாள் அவன் குறிக்கத் தொடங்கினான். சிறிது நேரத்துக்குள் பிழைகள் எண்ணிக்கைக்கு அடங்காமற் போகவே, எழுதுவதை நிறுத்திவிட்டு அதையும் அவரிடமே போய்ச் சொன்னான். இஞ்ஞாசியார் அதையும் பணிவோடு கேட்டுக்கொண்டார். ஞானோபதேச வகுப்பை அவர் நிறுத்தவில்லை. 46 நாட்கள் தொடர்ந்து, அதே குறைபட்ட இத்தாலியத்தில் கற்பித்தார். பிள்ளைகளோடு பெரியவர்களும் வந்து கேட்டார்கள்.