விளக்கால் வென்ற தளபதி

தாமஸ் காக்ரேன் ஸ்காட்லாந்துக்காரர். 1775-ல் பிரபு குடும்பத்தில் பிறந்தவர். பிரிட்டிஷ் கடற்படையில் பெரும் புகழ் பெற்றார். ஆனால் 1814-ல் பங்குச் சந்தை மோசடி வழக்கில் சிக்கினார். குற்றவாளி என்று தீர்ப்பு! பதவி போயிற்று, சிறைவாசமும் கிடைத்தது. தாம் நிரபராதி என்றே கடைசிவரை சொல்லி வந்தார்.

1818-ல் மனைவி மக்களுடன் சிலி நாட்டுக்குப் போனார். ஸ்பெயினை எதிர்த்துப் போராடிய சிலி, அவரைக் கடற்படைத் தலைவராக்கியது.

ஸ்பெயினின் பெருமை "எஸ்மரால்டா" என்ற பாய்மரப் போர்க்கப்பல். காக்ரேன் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு சிலி வீரர்கள் அதன்மேல் ஏறிப் போரிட்டார்கள். அவர்களுடைய தலைவர் மாண்டார், கப்பல் தப்பியது. 1820-ல் அது பெரு நாட்டின் கல்லாவோ துறைமுகத்தில், கோட்டைப் பீரங்கிகளின் காவலில் நின்றது.

நவம்பர் 5, நள்ளிரவு. 14 படகுகளில் 240 பேர் ஓசையின்றி வந்தார்கள். இருட்டில் ஆளை அடையாளம் காண எல்லோருக்கும் வெள்ளை உடை, கையில் நீலப் பட்டை.

முதலில் ஏறிய காக்ரேனைக் காவலாளி துப்பாக்கிக் கட்டையால் அடித்துத் தள்ளினான். படகில் விழுந்தவர் மறுபடி ஏறினார். தொடையில் குண்டு பாய்ந்தது. துணியால் கட்டிக்கொண்டு, பீரங்கிமேல் உட்கார்ந்தே உத்தரவிட்டார். கால் மணி நேரத்தில் கப்பல் கைக்கு வந்தது!

கோட்டை சுடத் தொடங்கியது. அங்கே நின்ற பிரிட்டிஷ், அமெரிக்கக் கப்பல்கள், தங்களைச் சுடாதிருக்க அடையாள விளக்குகளை ஏற்றின. காக்ரேனும் அதே விளக்குகளை ஏற்றச் செய்தார்! எதைச் சுடுவது? கோட்டைக்காரர்கள் திகைத்தார்கள். எஸ்மரால்டா வெளியேறிவிட்டது.

சிலி அதற்கு "வால்டிவியா" என்று பெயரிட்டது. 1825-ல் வால்பரைசோவில் அது கரை தட்டி அழிந்தது.

காக்ரேனுக்கு 1832-ல் மன்னிப்பும் பழைய பதவியும் கிடைத்தன. 1860-ல் இறந்தபோது லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.