நட்டஈடு தருமமல்ல: மந்திரி மாணிக்கவாசகம் காலத்துக் கதை

போன டுரியான் சீசனில் இங்கே பாலிக் புலாவ் மலைச்சரிவில் பழம் பொறுக்கப் போன ஓர் அக்கா, வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மூன்று வாரம் வீட்டிலே கிடந்தார். சம்பளமும் இல்லை, சொக்சோவுக்கு மனுவும் இல்லை. கேட்டால், நாம்தானே கவனமில்லாமல் கால் வைத்தோம், அதற்கு யார் காசு கொடுப்பார் என்கிறார். தப்பு யாருடையது என்று பார்க்காமலே கொடுக்க வேண்டிய காசு அது என்று அவருக்கு விளக்கப் போய், அந்தச் சட்டம் பிறந்த நாளில் மந்திரியாக இருந்தவரின் பெயரையும் சொன்னோம். அக்காவுக்குத் தெரியவில்லை. கூட இருந்த பிள்ளைகளுக்கும் தெரியவில்லை.

டான் ஸ்ரீ வி. மாணிக்கவாசகம் 1926இல் பிறந்தவர். கிள்ளான்தான் அவர் அரசியல் நடத்திய ஊர். 1959 பொதுத் தேர்தலில் அங்கே ஜெயித்து நாடாளுமன்றம் போனார். 1964 தேர்தலுக்குப் பிறகு தொழிலாளர் மந்திரியானார். 1974 வரை, ஏறக்குறையப் பத்து வருஷம், தோட்டத்துக்காரன் பிழைப்பு அவர் இலாகாவில்தான் இருந்தது.

அதற்கு முன்னே நட்டஈடே இல்லையா என்றால், இருந்தது. 1952ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று உண்டு. காயம்பட்டால் முதலாளி, அல்லது அவர் போட்டிருந்த இன்சூரன்ஸ் கம்பெனி, ஒரு தொகையைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும். கை போனால் இவ்வளவு, உயிர் போனால் இவ்வளவு. வாங்கியதும் கணக்குத் தீர்ந்தது. பழைய கடைக் கடனும் மகள் கல்யாணமும் அதை விழுங்கிவிடும். ஆனால் போன கை போனதுதானே? அடுத்த வருஷம் அரிசிக்கு யாரிடம் போவது? லயத்தில் இப்படி உட்கார்ந்துவிட்ட பெரியவர்களை நம்மில் வயதானவர்கள் பார்த்திருப்பார்கள்.

1969இல் மாணிக்கவாசகம் மந்திரியாக இருந்தபோது தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1971இல் சொக்சோ அமைந்தது. எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை, படிப்படியாகத்தான் பரவியது. ஆரம்பத்தில் மாதம் 500 வெள்ளிக்குள் சம்பளம் வாங்குகிறவர்களுக்குத்தான். விஷயம் என்னவென்றால், ஒரே தடவையில் தூக்கிக் கொடுத்த காசு போய், தொடர்ந்து வரும் காசு வந்தது. எம்சி நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு. நிரந்தர ஊனம் என்று மருத்துவக் குழு சொன்னால், ஊனத்தின் அளவுக்கேற்ற பணம். பெரிய ஊனத்துக்கு அது ஆயுள் வரைக்கும் வரும். வேலையில் புருஷன் செத்தால் பென்ஷனில் ஐந்தில் மூன்று பங்கு விதவைக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியில் அடிபட்டாலும் உண்டு.

இதற்கு ஒரு விலையும் வைத்தார்கள். சொக்சோவில் இருக்கிறவன் வேலை விபத்துக்காக முதலாளி மேல் கோர்ட்டில் நஷ்டவழக்குப் போட முடியாது. இதைச் சங்கத்துக்காரர்கள் முணுமுணுத்ததில் நியாயம் உண்டு. ஆனாலும் வக்கீல் வைக்க வழியில்லாத பால்மரத்துக்காரனுக்கு மாதக் காசே மேல் என்பதுதான் நம் கட்சி.

அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆட நாம் எழுதவில்லை. அவர் காலத்திலேதான் 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டம் வந்து, ஆள் எடுப்பது, நீக்குவது, பதவி உயர்வு பற்றியெல்லாம் சங்கம் கூட்டு ஒப்பந்தத்தில் பேச முடியாதபடி கட்டிப்போட்டது. குடியுரிமை இல்லாதவனுக்கு வேலை பெர்மிட் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் உட்பட ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். அந்தக் கப்பலையும் இந்தச் சொக்சோவையும் ஒரே இலாகாவின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

1973இல் துன் சம்பந்தனுக்குப் பிறகு மஇகா தலைவரானார். வேறு இலாகாக்களையும் பார்த்தார். 1979 அக்டோபரில், தலைவராக இருந்தபோதே, 53 வயதுக்குள் காலமானார்.

அவர் போன பிறகும் சட்டம் வளர்ந்தது. 2019 முதல் நம்மோடு வேலை செய்கிற வங்காளதேசத்து, இந்தோனேசியத் தோழர்களும் அதற்குள் வந்துவிட்டார்கள். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. அக்காவின் முதலாளி தெரிவிக்கவில்லை. கிளினிக் சீட்டையும், கூடப் பழம் பொறுக்கிய இருவரின் சாட்சியையும் வைத்து மனு எழுதியாகிவிட்டது. திங்கட்கிழமை அவரோடு நாமும் பஸ் ஏறுகிறோம்.