நாவலரும் மிஷன் பள்ளியும்

நம் தங்கவயலில் ஒரே லைனில் அடுத்தடுத்த வீடுகளில் கந்தர் சஷ்டி நோன்பும், கிறிஸ்துமஸ் கீதமும், புத்த பூர்ணிமை வழிபாடும் நிகழ்தல் புதுமையன்று. அவ்வீடுகளின் சிறுவர் பலர் மிஷன் பள்ளிகளில் ஒரே பலகையில் அமர்ந்து அகரம் பயின்றனர். காலை ஜெபத்திற்கு ஒன்றாகவே எழுந்து நின்றனர். பள்ளியில் பிள்ளை கேட்கும் வேதபாடம் வீட்டின் சமயத்தை என்ன செய்யுமோ என்ற ஐயம் பெற்றோர்க்கு எழுந்ததுண்டு. பிள்ளை நாலெழுத்துக் கற்க வேண்டுமே என்ற ஆவல் அவ்வையத்தை அடக்கியதும் உண்டு. இவ்விரண்டிற்கும் இடையில் நின்று, தம் வாழ்நாள் முழுவதையும் ஒரு விடையாகவே ஆக்கிக்கொண்டவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். ஆண்டு விழா மலரில் அன்னாருடைய வரலாற்றைச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

1822ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18ஆம் நாள் நல்லூரில் கந்தருக்கும் சிவகாமியாருக்கும் கடைசி மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். சரவணமுத்துப் புலவர், சேனாதிராய முதலியார் ஆகிய பேராசிரியர்களிடம் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். அதன்பின் ஆங்கிலம் கற்கும்பொருட்டு வெஸ்லியன் மிஷனார் யாழ்ப்பாணத்தில் நடத்திய பள்ளியைச் சேர்ந்தார். அப்பள்ளியே இன்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியாக விளங்குகின்றது. மாணவராகப் புகுந்தவர் இருபது வயதை எட்டும் காலத்திலேயே அங்கு ஆசிரியராக அமர்த்தப்பட்டார். அமர்த்தியவர் அதன் தலைவராகிய பீட்டர் பேர்சிவல் பாதிரியார்.

அக்காலத்து யாழ்ப்பாணத்தின் நிலையை ஈண்டு அறிதல் வேண்டும். 1814இல் வெஸ்லியன் மிஷனாரும், 1816இல் அமெரிக்க மிஷனாரும் வந்து ஊர்தோறும் பள்ளி நிறுவினர். அதற்கு முன் இருந்தவை திண்ணைப் பள்ளிகள். மணலிலும் ஓலையிலும் எழுதி, அரிச்சுவடியும் ஆத்திசூடியும் நிகண்டும் மனப்பாடம் செய்வதே அங்குக் கல்வி. சமயம் என்று தனியே ஒரு பாடம் அங்கு இருந்ததில்லை. அது பாட்டில் கலந்திருந்தது, கோயிலில் இருந்தது, பாட்டியார் சொல்லும் கதையில் இருந்தது. கற்பிக்கப்படாமலே கிடைக்கும் பொருளாதலின், அதனைக் கற்பிக்க வேண்டும் என்று எவரும் எண்ணினாரல்லர்.

மிஷன் பள்ளியோ சமயத்தைப் பாடமாக்கிற்று. அதற்கென ஒரு நேரம், அதற்கென ஓர் அச்சுப் புத்தகம், வயதிற்கேற்ற வகுப்பு. கடவுள் யார், உலகைப் படைத்தவர் எவர், பாவம் யாது என்று ஆசிரியர் வினவ, பிள்ளை விடை கூறும் வினாவிடை முறை. இங்ஙனம் பயின்ற ஏழு வயதுச் சிறுவன் தன் ஆசிரியர் சமயத்தைப் பற்றிக் கேட்டால் ஒழுங்காக விடை சொல்வான். அவன் வீட்டுச் சமயத்தைப் பற்றிக் கேட்டால் விழிப்பான். தேவாரம் ஓதத் தெரிந்த தந்தையும் விழிப்பார். நாவலர் பல ஆண்டுகள் கண்டது இக்காட்சியே. பாதிரிமார் பொருள் கொடுத்துப் பிள்ளைகளை ஈர்க்கின்றனர் என்று ஊரார் குறைகூறிக் கொண்டிருந்த காலத்தில், பாதிரிமாரின் வலிமை பொருளில் மட்டும் இல்லை, கற்பிக்கும் முறையிலும் உள்ளது என்று உணர்ந்தவர் அவர் என்பது நம் கருத்து.

பேர்சிவலுக்கும் நாவலருக்கும் இருந்த உறவு பகையன்று. விவிலியத்தை நல்ல தமிழில் மீண்டும் மொழிபெயர்க்கப் பேர்சிவல் முற்பட்டபோது, அவருக்குத் துணை நின்ற தமிழறிஞர் நாவலரே. திருநீறு அணிந்த சைவ இளைஞர் ஒருவர், நாள்தோறும் ஒரு கிறிஸ்தவப் பாதிரியாருடன் அமர்ந்து, ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு வேதாகமத்தைத் தமிழாக்கிய காட்சியை எண்ணிப் பாருங்கள். மொழிபெயர்ப்பைச் சென்னைக்குக் கொண்டு சென்று அறிஞர்க்குக் காட்டி இசைவு பெற்றனர். அது 1850இல் அச்சாகி வெளிவந்தது. அப்பணியால் கிறிஸ்தவ வேதத்தை முதலிலிருந்து முடிவுவரை துருவிக் கற்றவராக நாவலர் ஆனார். அக்கல்வி பின்னர் எதற்குப் பயன்பட்டது என்பதைப் பேர்சிவல் முன்னரே அறிந்திருப்பாரோ, நாம் அறியோம்!

1847ஆம் ஆண்டின் கடைசி நாளாகிய டிசம்பர் 31 அன்று, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் நாவலர் தம் முதற் சமயப் பிரசங்கத்தைச் செய்தார். வெள்ளிக்கிழமைதோறும் அது தொடர்ந்தது. பாதிரிமார் ஞாயிறுதோறும் பிரசங்க பீடத்தில் நின்று பேசுவதைப் பார்த்துப் பழகிய மக்களுக்கு, கோயிலில் ஒருவர் நின்று சைவத்தைப் பேச்சுத் தமிழுக்கு அணித்தான உரைநடையில் விளக்கியது புதுமையாயிருந்தது. 1848 செப்டம்பரில் மிஷன் பள்ளி வேலையை விட்டார். அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றியது. திருமணமும் செய்துகொள்ளாமல் எஞ்சிய வாழ்நாளை அதற்கே அளித்தார்.

பள்ளி தொடங்கியவர்க்குப் புத்தகம் இல்லை. புத்தகம் வேண்டுமாயின் அச்சுப்பொறி வேண்டும். அச்சுப்பொறியோ மிஷனார் கையில் இருந்தது. 1849இல் சென்னைக்குப் புறப்பட்டார். வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் அவர் பேசக் கேட்ட தம்பிரான்கள் வியந்து, ஆதீனத்தார் நாவலர் என்னும் பட்டத்தை வழங்கினர். அச்சுப்பொறியுடன் ஊர் திரும்பி வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். பின்பு பாலபாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. முதற் புத்தகத்தில் எழுத்தும் சொல்லும் சிறு வாக்கியமும் அமைந்தன. மேல் வகுப்புப் புத்தகங்களில் கடவுள், ஆன்மா, கொலை, களவு, புலால், கல்வி என்று கட்டுரைகள் விரிந்தன. சைவ வினாவிடை என்னும் நூலையும் இயற்றினார். பெயரே கூறுகின்றது, அதன் வடிவம் எப்பள்ளியில் கண்டது என்பதை! பொருள் சைவம், முறை மிஷன் பள்ளி முறை. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. நல்ல கருவி எவர் கையில் இருப்பினும் கற்றுக்கொள்வதே அறிவுடைமை.

பெரியபுராணத்தை 1852இல் உரைநடையாக்கி வெளியிட்டதும், திருக்குறளைப் பரிமேலழகர் உரையுடன் 1861இல் பதிப்பித்ததும், 1864இல் சிதம்பரத்தில் மற்றொரு வித்தியாசாலை நிறுவியதும் பலரும் அறிந்தவை. அவற்றை விரிக்காது செல்கின்றோம். 1854இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரம் ஒன்றைக் குறித்து மட்டும் சொல்லல் வேண்டும். கோயிலும் தீபமும் தூபமும் நைவேத்தியமும் பொய் வழிபாடென்று பாதிரிமார் பழித்தபோது, பழைய ஏற்பாட்டில் எருசலேம் ஆலயத்து விளக்கும் தூபமும் பலியும் எவ்விடத்தில் விதிக்கப்பட்டுள்ளன என்று அந்நூல் எடுத்துக்காட்டிற்று. பேர்சிவலுடன் சொல் சொல்லாய் ஆராய்ந்த ஆண்டுகள் வீண்போகவில்லை. எனினும் அந்நூலிற் சில இடங்களில் நடை கடுமையாக உள்ளது என்பதையும் மறைப்பதற்கில்லை.

பின்னாளில் வெஸ்லியன் ஆங்கிலப் பள்ளியொன்றில் திருநீறு அணிந்து வந்த சைவ மாணவர் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கென நாவலர் 1872இல் வண்ணார்பண்ணையில் ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். பொருள் முட்டுப்பாட்டால் அது 1876இல் மூடப்பட்டது. நெற்றிக் குறிக்காகப் பிள்ளையின் படிப்பே நின்ற காலம் அது. உதவிப்பணம் பெறும் பள்ளியில் பெற்றோர் இசைவின்றி எப்பிள்ளையையும் சமய போதனைக்கு உட்படுத்தலாகாது என்று நம் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு இன்று கூறுகின்றது. அத்தகைய காப்பு அன்று யாழ்ப்பாணத்தில் இல்லை.

இனி, தங்கவயலில் வாழும் நாம் கேளாமல் விடமுடியாத ஒரு வினா உண்டு. அவ்வித்தியாசாலையின் கதவு எவர்க்குத் திறந்திருந்தது? நாவலர் வருண வேறுபாட்டை ஏற்றவர். தாழ்த்தப்பட்டோருடன் உண்ணலாகாது என்னும் விதியைத் தம் நூல்களில் எழுதியவர். அவருடைய பள்ளி மேற்குடிச் சைவப் பிள்ளைகளுக்கென்றே அமைந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்த நம் முன்னோருள் பெரும்பாலோர் அக்கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருப்பர். அவர்களுடைய பிள்ளைகளுக்கு முதலிற் பலகை கொடுத்தவற்றுள் மிஷன் பள்ளி ஒன்று. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்ஸிலும் அயோத்திதாசப் பண்டிதரின் வழி வந்த சாக்கிய பௌத்த சங்கத்தார், மிஷனும் வேண்டா, வருணமும் வேண்டா என்று மூன்றாவது வழியொன்றைத் தேடியதும் இதனாலேயே. நாவலரைப் போற்றுமிடத்து இதனை விழுங்கிவிட்டுப் போற்றுதல் நேர்மையாகாது. அவருடைய பாலபாடத்தின் தெளிந்த தமிழ் அனைவர்க்கும் உரியது. அவர் வகுத்த எல்லை நமக்கு உரியதன்று.

இறுதிக் காலத்தில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் கொள்ளைநோயும் வாட்டின. தென்னிந்தியாவைச் சூறையாடி, கோலார், வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களை வெறுமையாக்கிய அதே 1876–78 பஞ்சக் காலம் அது. நாவலர் கஞ்சித்தொட்டி நடத்தினார். துயர்தீர்க்கத் தவறிய அரசாங்க ஏசண்டர் துவைனத்தை அஞ்சாது எதிர்த்து எழுதினார். 1879இல் சட்டசபைப் பதவிக்குப் பொன்னம்பலம் இராமநாதனை ஆதரித்து மேடையேறினார். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள், ஐம்பத்தேழாம் வயது நிறைவதற்குச் சில நாள் முன்பு, சிவபதம் அடைந்தார்.

அடுத்த ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் நம் கோலார் வயலில் சுரங்கப் பணியைத் தொடங்கினர். யாழ்ப்பாணத்தில் நாவலரின் மாணவர் வழியினர் 1888இல் சைவபரிபாலன சபையை நிறுவினர். 1890இல் அச்சபையின் கீழ் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்தது. முதல் முயற்சியில் நான்காண்டில் மூடப்பட்ட ஆங்கிலப் பள்ளி, இம்முறை மூடப்படவில்லை.