நோயாளியாக நடித்த நோயாளி

ஸ்கூலுக்கு மட்டம் போட வயிற்று வலி என்று பொய் சொன்னதுண்டா? நான் சொல்லியிருக்கேன். அதனாலதான் இவருடைய வரலாற்றைப் படித்தபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. முடிவில் சிரிக்க முடியவில்லை.

அவர் பெயர் மோலியேர். பிரான்ஸ் நாட்டின் நகைச்சுவை நாடக மேதை. 1622-ல் பாரிஸ் நகரில் பிறந்தார். இயற்பெயர் ழான் பாப்டிஸ்ட் போக்லன். அப்பா அரண்மனைக்கு மெத்தை, திரைச்சீலை செய்து கொடுத்தவர். மகனுக்கு அந்தத் தொழில் பிடிக்கவில்லை. 1643-ல் நண்பர்களோடு நாடகக் குழு ஆரம்பித்தார். ஒரே நஷ்டம்! 1645-ல் கடனுக்காக ஜெயிலுக்கே போனார். அப்புறம் சுமார் 13 வருஷம் ஊர் ஊராகச் சுற்றி நாடகம் போட்டார். 1658-ல் மன்னர் பதினான்காம் லூயி முன்னிலையில் நடித்தார். மன்னருக்குப் பிடித்துப்போனது. பாரிஸில் மேடை கிடைத்தது.

வெளியே தெரிவது ஒன்று, உண்மை வேறொன்று. இதை வைத்தே மோலியேர் ஊரைச் சிரிக்க வைத்தார். பக்தி வேஷம் போடும் ஏமாற்றுக்காரனைப் பற்றி 1664-ல் 'தார்த்யூஃப்' எழுதினார். எதிர்ப்பு கிளம்பித் தடை வந்தது. 1669-ல்தான் தடை நீங்கியது.

அவருடைய கடைசி நாடகம் 'கற்பனை நோயாளி'. அதில் ஆர்கான் என்று ஒரு பணக்காரர். உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் தனக்கு இல்லாத நோயே இல்லை என்று நம்புகிறார். எப்போதும் மருந்து, எனிமா, பில் கணக்கு! வீட்டிலேயே வைத்தியர் இருக்கட்டும் என்று மகளை ஒரு அசட்டு டாக்டருக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார். மகளுக்கோ வேறொருவர் மேல் விருப்பம். வேலைக்காரப் பெண் துவானெத் ஒரு யோசனை சொல்கிறாள். அதன்படி ஆர்கான் செத்தவர் மாதிரி படுத்துக்கொள்கிறார். அன்பானவள் என்று அவர் நம்பிய இரண்டாவது மனைவி சந்தோஷப்படுகிறாள். மகளோ கதறி அழுகிறாள். அப்போதுதான் அவருக்குக் கண் திறக்கிறது. ஆனால் நோய் விஷயத்தில் மட்டும் கடைசிவரை திறக்கவே இல்லை!

ஆர்கானாக நடித்தவர் மோலியேரேதான். ஆனால் அவருக்கு இருந்தது கற்பனை நோய் இல்லை. நெஞ்சில் நிஜமான நோய், நிஜமான இருமல். 1668-ல் எழுதிய 'கஞ்சன்' நாடகத்தில் தன் இருமலையே சிரிப்புக் காட்சியாக ஆக்கியிருந்தார்!

1673 பிப்ரவரி 17. 'கற்பனை நோயாளி' நான்காவது முறையாக நடந்தது. கடைசிக் காட்சியில் அவருக்கு வலிப்பு மாதிரி வந்தது. ஒரு சிரிப்பை வரவழைத்து அதை மறைத்து, நாடகத்தை முடித்துக் கொடுத்தார். வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். அன்று இரவே இறந்துவிட்டார். வயது 51.

நடிகர் என்பதால் முறைப்படி அடக்கம் செய்யவும் மறுத்தார்கள். மனைவி அர்மாந்த் மன்னரிடம் போய் முறையிட்ட பிறகு, இரவு நேரத்தில் அடக்கம் நடந்தது. அன்று மேடையில் அவர் உட்கார்ந்த நாற்காலியைப் பாரிஸில் உள்ள 'கொமெதி ஃப்ரான்சேஸ்' நாடக நிறுவனம் இன்றும் பாதுகாத்து வருகிறது.

இதைப் படித்ததும் எனக்குப் போன வருஷம் ஞாபகம் வந்தது. நம்ம கிளாஸ் பையன் ஒருத்தன் டெஸ்ட் அன்றைக்கு டெஸ்க்கில் தலை வச்சுப் படுத்திருந்தான். சூப்பரா நடிக்கிறான்டா என்று முதலில் சொன்னவன் நான்தான். எல்லாரும் சிரிச்சாங்க. சாயங்காலம் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துட்டாங்க. அவனுக்குக் கடுமையான காய்ச்சல். நான் பொய் சொல்லிப் பழகியதால், அவனும் பொய்தான் சொல்றான் என்று நினைச்சுட்டேன். அவன் திரும்பி வந்த பிறகும் மன்னிப்புக் கேட்க எனக்குத் தைரியம் வரலை. இங்கே எழுதிக் கேட்கிறேன்.

நண்பர்களே, இனிமேல் யாராவது தலை வலிக்குது என்று சொன்னால், சிரிப்பதற்கு முன்னால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்போமே!